மார்கழிக் கச்சேரிக்கு முதன்முதலாக அமர்கிறவர்களுக்கு: யாழ்ப்பாணத்துச் சேர்ந்திசைக் குழு ஒன்றின் வழிகாட்டி

புரட்டாதி முடிய முன்னமே எங்கள் குழுவுக்குப் புது முகங்கள் வரத் தொடங்கிவிடும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் நாலாந்தரம் முடித்த பிள்ளைகள், பாடசாலை பாண்டில் ட்ரம்பெட் ஊதிய பெடியள், வேலைக் காலம் முழுக்க அலுமாரிக்கு மேலே கிடந்த வயலினை ஓய்வு கிடைத்ததும் இறக்கித் தூசி தட்டிய ஐயாமார் என்று எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "நத்தார்க் கச்சேரிக்கு நான் என்ன ஆயத்தம் செய்ய வேணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இம்முறை எழுதி வைக்கிறேன். உங்கள் ஊரில் புதிதாகக் குழு தொடங்க நினைக்கிறவர்களுக்கும் இது உதவும்.

எங்களைப் போன்ற குழுவில் எல்லாம் கலந்துதான் இருக்கும். தாடையில் வயலினை வைப்பவரும் நிலத்தில் இருந்து குதிக்காலில் அதன் தலையைத் தாங்குபவரும் ஒரே மெட்டை வாசிப்பார்கள். கிளாரினெட், ட்ரம்பெட், கீபோர்ட், மிருதங்கம், புல்லாங்குழல், சில வருடங்களில் வீணையும் இருக்கும். மார்கழியில் இதோடு விருந்தினர் இரண்டு மூன்று பேர் வந்து சேர்வார்கள். இத்தனை பேரும் ஒன்றாக ஒலிக்க வேண்டுமென்றால் பாட்டைத் தெரிவுசெய்ய முன்னமே ஒரு விடயத்தை முடிவெடுக்க வேண்டும்.

முதலில் சுருதி

ஐப்பசி முதற்கிழமையிலேயே சுருதியை முடிவு செய்யுங்கள். எங்கள் குழுவுக்கு அது 5 கட்டை. காரணத்தைச் சொல்கிறேன், உங்கள் வாத்தியங்களோடு பொருத்திப் பாருங்கள்.

கீபோர்டில் சி என்பது 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள்தான் அரைகள். மேற்கத்திய முறையில் வயலினின் நாலு தந்திகளும் ஜி, டி, ஏ, இ. கர்நாடக முறையில் ச, ப, ச, ப, அதாவது சட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி. 5 கட்டையைச் சட்ஜமாக வைத்தால் கீழே உள்ள இரண்டு தந்திகளும் இரண்டு சாராருக்கும் ஒன்றாகிவிடும்: ஜி சட்ஜம், டி பஞ்சமம். நிலத்தில் இருந்து வாசிப்பவர் மேலிரண்டு தந்திகளையும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் காணும். பெண்பிள்ளைகளின் பாட்டுக்கு வாசித்துப் பழகியவர்களிடம் 5 கட்டை மிருதங்கம் எப்படியும் இருக்கும். கிளாரினெட், ட்ரம்பெட் இரண்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள், எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிப்பவை. மற்றவர்கள் ஜி மேஜர் வாசிக்கும்போது அவர்கள் ஏ மேஜரில் வாசிக்க வேண்டும். மூன்று ஷார்ப், பாடசாலையில் ஊதிய பிள்ளைக்கு இரண்டு கிழமைப் பயிற்சி. இதையே 2 கட்டையில் வைத்தால் அவர்களுக்கு இ மேஜர், நாலு ஷார்ப். எஃப் வைத்தால் அவர்களுக்கு மிக இலகு, ஆனால் தந்தி வாத்தியக்காரர் சிரமப்படுவார்கள்.

பி ஃபிளாட் வாத்தியக்காரருக்குக் கொடுக்கும் நொட்ஸை அவர்களுக்கென்று தனியாக, ஒரு முழுச்சுரம் ஏற்றி எழுத வேண்டும். கீபோர்டுக்கு எழுதியதைப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தால் அவர் பிழையில்லாமல் வாசித்தாலும் முழுப்பாட்டும் ஒரு சுரம் கீழே கேட்கும். புதிதாக வந்த பிள்ளை அதைத் தன் பிழை என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவாள். அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் முதலில் அவளுடைய தாளை வாங்கிப் பாருங்கள்.

சுருதியில் நான் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னர், வெளிநாட்டிலிருந்து வந்த பாடகி ஒருவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று கடைசிக் கிழமையில் இரண்டு பாட்டை 5 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறக்கினேன். கீபோர்ட்காரருக்கு அது ஒரு பட்டனை அமத்தும் வேலை. வயலின்காரர் எப்படியோ சமாளித்தார்கள். மிருதங்கம் வாசித்த தம்பியிடம் இருந்ததோ ஒரேயொரு மிருதங்கம். 5 கட்டைக்கு இழுத்துக் கட்டியதை 2 கட்டைக்கு இறக்க முடியாது. அதற்கு வேறு மிருதங்கம் வேண்டும். அந்த இரண்டு பாட்டு முடியும்வரை அவன் வலந்தலையின்மேல், அதாவது வலப்பக்கத் தோலின்மேல், உள்ளங்கையைப் பொத்தி வைத்துக்கொண்டு மேடையில் இருந்தான். அவனுடைய அம்மா முன்வரிசையில் இருந்தா. அவனிடம் ஒரு சொல் கேட்காமல் மாற்றியது என் பிழை. அதற்குப் பிறகு நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே கட்டையை எழுதுகிறேன். வேறு சுருதிப் பாட்டு இருந்தால் எல்லாவற்றையும் இடைவேளைக்குப் பிறகு ஒன்றாக வைத்து, அதற்கேற்ற மிருதங்கத்தை ஒரு மாதத்துக்கு முன்னமே இரவல் கேட்டு வைக்கிறேன்.

கீபோர்ட் வாசிக்கிறவருக்கு ஒரு வேண்டுகோள்: சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைப் பாவித்தால் பாட்டு முடிந்த கையோடு பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த பாட்டில் முப்பது பேர் அதைத்தான் நம்பித் தொடங்குவார்கள்.

நாள் குறிப்பது

இது சுருக்கமான வேலை, ஆனால் தவறினால் மண்டபம் வெறிச்சோடிவிடும். மார்கழி பிறப்பது டிசம்பர் 16 ஐ ஒட்டி. நத்தாருக்கு முந்திய சனி, ஞாயிறுகளில் ஒவ்வொரு பங்கிலும் கரோல் வழிபாடு இருக்கும், பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஒளிவிழா இருக்கும். உங்கள் வாத்தியக்காரரில் பாதிப்பேர் அங்கேயும் வேண்டும். பங்குத்தந்தையர், போதகர்கள் ஆகியோரிடம் ஒக்டோபரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருவெம்பாவைப் பூசைக் காலத்தில் விடியப்புறம் கோயிலில் வாசிப்பவர்களை முதல்நாள் இரவு ஒன்பது மணிவரை மறிக்க வேண்டாம். நவம்பர் கடைசி வாரம் போரில் மாண்டவர்களுக்கான நினைவேந்தல் வாரம்; அதில் நாங்கள் ஒத்திகையும் வைப்பதில்லை. டிசம்பர் 26 ஆழிப்பேரலை நினைவுநாள், 2004 இல் உறவுகளைக் கொடுத்த குடும்பங்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. அந்த நாளும் வேண்டாம். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் அட்டவணையையும் வாங்கி வையுங்கள்.

நேரம் பின்னேரம் ஐந்தரை. பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் மழையில் தெருவில் நிற்கக்கூடாது; ஏழரைக்குள் முடியுங்கள்.

பாட்டும் கணக்கும்

முதன்முறை என்றால் ஒன்பது பாட்டுக்கு மேல் எடுக்க வேண்டாம். இரண்டு மரபுக்காரருக்கும் பொதுவான இடத்திலிருந்து தொடங்குங்கள். மேஜர் என்பது எங்கள் சங்கராபரணம். இயல்பான மைனர் நடபைரவி. அதில் நிஷாதத்தை, அதாவது நி சுரத்தை, அரைச்சுரம் ஏற்றினால் கீரவாணி. இந்த மூன்றையும் சொன்னாலே கர்நாடக வழி வந்த பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்கள் இந்த மாதிரிக் குழுவுக்கென்றே செய்தவை போல இருக்கும்: ஐரோப்பிய பாண்ட் மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத வரிகள் வைத்தவை, எல்லாம் சங்கராபரணம். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். நத்தார்ப் பாடல்களுக்கு நடுவே அதில் ஒன்றை வைத்துப் பாருங்கள், சபை நிமிர்ந்து உட்காரும்.

கணக்கு இப்படி: நொட்ஸின் தொடக்கத்தில் நாலு நாலு (4/4) என்று எழுதியிருந்தால் அதில் இரண்டு கட்டம் சேர்ந்து ஓர் ஆதிதாள ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கையுள்ள ஒரு சுற்று. ஆறு எட்டு என்றிருந்தால் "தகிட தகிட" என்று இரண்டாக எண்ணுங்கள். பல கரோல் மெட்டுகளில் முதற்சொல் தாளத்துக்கு முன்னமே விழும். அது அதீத எடுப்பு என்று சொன்னால் மிருதங்கக்காரர் உடனே பிடித்துக்கொள்வார். இந்தச் சொல் தெரியாமல் ஒரு முழு ஒத்திகையை நாங்கள் வீணாக்கியிருக்கிறோம்.

தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்குத் தலை குனிந்தே இருக்கும். குழுவில் தாளம் நடத்துபவரின் கையில் இருக்கிறது. நாலுக்கு அவருடைய கை கீழே, உள்ளே, வெளியே, மேலே என்று போகும். மூன்றுக்குக் கீழே, வெளியே, மேலே. நீங்கள் பிடிக்க வேண்டியது கீழே விழும் அந்த ஓர் இடத்தை. ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்தையும் மனப்பாடம் செய்துவிட்டால், அந்த நேரத்தில் தாளை விட்டுக் கண்ணைத் தூக்கலாம். வீட்டில் பயிலும்போதே இதைச் செய்யுங்கள்.

எல்லாப் பாட்டுக்கும் எல்லாரும் வாசிக்க வேண்டியதில்லை. சைலன்ட் நைட் என்று உலகம் முழுக்கப் பாடும் பாட்டு 1818 டிசம்பர் 24 இரவு ஒஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரில் முதன்முதல் ஒலித்தபோது இருந்தது இரண்டு ஆண் குரல்களும் ஒரு கிற்றாரும், கடைசி வரிகளை மீட்டுப் பாட ஒரு பாடகர் குழுவும்தான். ஒரு பாட்டையாவது அந்த அளவுக்கு மெலிதாக வையுங்கள். மற்றவர்கள் வில்லை மடியில் வைத்துக் கேட்கட்டும்.

மாரியும் வாத்தியமும்

வெளியூர்ப் புத்தகங்களில் குளிர்காலக் கச்சேரி என்றால் உலர்ந்த காற்று, வெடிக்கும் மரம் என்று எழுதியிருக்கும். எங்கள் மார்கழி நேர்மாறு. வடகீழ்ப் பருவமழைக் காற்றில் மரம் ஊதும், தோல் தளரும். வயலின் தந்தியை முறுக்கும் பிருடை இறுகிப்போய்த் திரும்ப மறுக்கும். பலவந்தமாகத் திருப்பினால் தந்தி அறும், மோசமானால் பிருடைப் பெட்டி பிளக்கும். கழற்றி, துளையோடு உரசி மினுங்கும் இடத்தில் கொஞ்சம் பென்சில் கரியைப் பூசி மறுபடி பூட்டுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருவதே போதும்.

மிருதங்கத்தை ஓட்டோவில் கொண்டுவருபவர்கள் உறைக்கு மேலே ஒரு பொலித்தீன் சுற்றுங்கள், ஆனால் மண்டபத்துக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே அடைபட்ட ஈரம் மழையைவிடக் கெடுதல். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே வந்து காற்றோடு பழக விடுங்கள். இடந்தலைக்கு ரவை பூசுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை இடத்தின் கூரையைப் பாருங்கள். தகரமோ சீற்றோ என்றால் மழை பெய்யும் நாளில் பக்கத்து வயலினே கேட்காது. அப்படியான நாளில் நாங்கள் வாத்தியத்தை எடுப்பதில்லை. எல்லாரும் நெருங்கி வட்டமாக இருந்து தங்கள் வரிகளைச் சுரமாகப் பாடுவோம். நொட்ஸ் மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் வெட்கமாக இருக்கும். இரண்டு மழைக்குப் பிறகு அவர்களுடைய வாசிப்பில் சுருதி நிற்பதை நீங்களே கேட்பீர்கள்.

விருந்தினர்

மார்கழியில் எங்களுக்கு மூன்று திசைகளிலிருந்து விருந்தினர் கிடைப்பார்கள். சென்னையில் அப்போது சபாக் கச்சேரிகள் உச்சத்தில் இருப்பதால் அங்கிருந்து எவரையும் எதிர்பார்க்காதீர்கள். லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ என்று விடுமுறைக்கு ஊர்வரும் எங்கள் பிள்ளைகளில் அங்கே பாடசாலை ஒர்கெஸ்ட்ராவில் வாசித்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் மேற்கத்திய வாத்தியக்காரர் இருக்கிறார்கள். 400 கிலோமீட்டர் தூரம், ரயிலில் செலோ போன்ற பெரிய வாத்தியம் வருவதென்றால் அதற்கும் ஓர் இருக்கை பதிய வேண்டும். மூன்றாமவர் எங்கள் ஊர் நாதஸ்வர, தவில் வித்துவான்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆகையால் மற்ற மாதங்களில் நாள் கேட்டே பிடிக்க முடியாதவர்களுக்குப் பின்னேரம் ஓய்வு. தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த மண் இது. அந்த வாத்தியங்களை வாசலில் வரவேற்புக்கு மட்டும் வைத்துவிட்டு உள்ளே கச்சேரி நடத்துவது எனக்கு ஒப்பாத காரியம்.

நாதஸ்வரத்தைச் சேர்ப்பதற்கும் சுருதியில் வழி உண்டு. நீளமான பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் 2 கட்டை, இரண்டரைக் கட்டை பக்கம் நிற்கும். அது சரியாக 2 கட்டை என்றால், அதன் மத்தியமம், அதாவது ம சுரம், எங்களுடைய 5 கட்டை. வித்துவானிடம் "ஐயா, மத்தியம சுருதியில வாசிக்கலாமோ?" என்று கேட்டால் அவருக்குப் புரியும். இரண்டரை என்றால் அரைச் சுரம் விலகும். அவரிடம் வேறு வாத்தியம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் குழு ஒதுங்கி அவருக்குத் தனியாக ஒரு பகுதியை விடுங்கள். போய்ச் சந்திக்கும்போது டியூனர் கொண்டுபோய் ஒரு சட்ஜம் ஊதச் சொல்லிப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வேண்டாம். மேடையின் பின்பக்கம் உயர்த்தி அமர வையுங்கள்.

எந்த விருந்தினருக்கும் ஒரு மாதத்துக்கு முன் இவை போய்ச் சேர வேண்டும்: அவருடைய வாத்தியத்துக்கு எழுதிய நொட்ஸ், குழு வாசித்த ஒலிப்பதிவு, சுருதி, வேகம், எந்தப் பகுதி எத்தனை தரம் திரும்பும் என்ற குறிப்பு. போக்குவரத்துச் செலவையும் சன்மானத்தையும் அந்த முதற் கதையிலேயே பேசிவிடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர் மேடையில் வாசிப்பதற்கு எந்த விசா பொருந்தும் என்பதைக் குடிவரவுத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒத்திகை குறைந்தது இரண்டு. ஒன்றுக்கும் வர வசதியில்லை என்பவரை, எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும், குழுவோடு சேர்க்காமல் தனியாக ஒரு பாட்டு வாசிக்க விடுவதே அவருக்கும் நல்லது.

இன்னொன்று, இதை நான் கெஞ்சிக் கேட்பேன்: விருந்தினரை முழு நேரமும் முன்னால் நிறுத்தாதீர்கள். தனியாக வாசிக்கும் இரண்டு பாட்டு போக, மற்றவற்றில் அவரைக் குழுவுக்குள், அதுவும் புதியவர்களுக்குப் பக்கத்தில் அமர்த்துங்கள். ஒரு வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த வயலின்கார அக்காவை மூன்றாம் வரிசையில், முதல் வருடப் பிள்ளை ஒன்றின் பக்கத்துக் கதிரையில் இருத்தினோம். தொடங்குவதற்கு முன் அக்கா மூக்கால் மூச்சை இழுத்தா, அது கேட்கும்படியாகவே. அந்த மூச்சின் நீளம்தான் பாட்டின் வேகம். இரண்டாம் பாட்டில் பிள்ளையும் மூச்சை இழுத்தாள். நாலாம் பாட்டில் அந்த வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் இழுத்தது. நான் எத்தனையோ கிழமை கையை ஆட்டிச் சொல்லிக் கொடுக்க முயன்றது அது. இப்போது புதியவர்களுக்கு முதல் நாளிலேயே சொல்கிறேன்: வில்லைத் தூக்க முன் மூச்சைத் தூக்குங்கள்.

மேடையும் அன்றைய நாளும்

வீரசிங்கம் மண்டபமோ, பொது நூலகத்துக்குப் பக்கத்துப் பண்பாட்டு மையமோ, தேவாலய மண்டபமோ, எங்கே என்றாலும் ஒரு ஒத்திகை அங்கேயே நடக்க வேண்டும். உயர்ந்த கூரையுள்ள தேவாலயத்தில் ஒலி சுற்றிச் சுற்றி வரும்; வேகமான பாட்டை ஒரு படி குறையுங்கள், மிருதங்கத்தின் சொற்களையும் ஐதாக்குங்கள்.

நிலத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகை மேடை போடுங்கள். இல்லாவிட்டால் முன்னாலுள்ள கதிரைகளுக்கும் நொட்ஸ் ஸ்டாண்டுகளுக்கும் பின்னால் அவர்களுக்கு நடத்துபவரின் கை தெரியாது. மின்விசிறிக் காற்றில் நொட்ஸ் பறக்காமல் உடுப்புக் கிளிப் ஆளுக்கு இரண்டு. மின்வெட்டு வந்தால் கீபோர்ட் நின்றுவிடும், அந்த நேரம் யாரைக் கேட்டுத் தொடர்வது என்று முன்னமே பேசி வையுங்கள். எங்கள் குழுவில் அது புல்லாங்குழல்.

விளக்கேற்றல், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் எங்கள் மரபு, இருக்கட்டும். ஆனால் அவற்றை முதலில் முடித்து, அதன்பிறகு வாத்தியங்களோடு ஏறுங்கள். மேடை விளக்கின் சூட்டில் இருபது நிமிடம் சும்மா இருந்த வயலின் தந்திகள் இறங்கியிருக்கும், ஊதி ஊதிச் சூடேறிய கிளாரினெட்டோ ஏறியிருக்கும். இடையில் யாராவது பேச நேர்ந்தால் பேச்சு முடிந்ததும் கூச்சப்படாமல் மறுபடி சுருதி சேருங்கள். ஒருவர் சட்ஜம் பிடிக்க, முதலில் தந்திகள், பிறகு ஊதுபவை, கடைசியில் மிருதங்கம். சபை காத்திருக்கும்.

நீங்கள் நடுவில் தவறவிட்டால் வாசிப்பதை நிறுத்தி, கையைப் பார்த்து, அடுத்த வரியின் தொடக்கத்தில் சேருங்கள். ஓடிப் பிடிக்கப் போனால் பக்கத்தவரும் விழுவார்.

முடிந்தபிறகு

பிளேன்ரீயும் ரோல்ஸும் வருவதற்குள் வில்லின் முடியைத் தளர்த்துங்கள், தந்தியிலும் பலகையிலும் படிந்த ரோசின் தூளைப் பருத்தித் துணியால் துடையுங்கள். கிளாரினெட்டின் உள்ளே துணி விட்டு இழுங்கள். இடந்தலை ரவையை அன்றைக்கே சுரண்டி எடுங்கள், மாரியில் மறுநாளே பூஞ்சணம் பிடிக்கும். இரவல் மிருதங்கம் யாருடைய வாகனத்தில் போகிறது என்று ஒருவர் கையோடு பார்க்க வேண்டும்.

நொட்ஸ் தாள்களைப் பாட்டுவாரியாக அடுக்கி என்னிடம் தாருங்கள். நீங்கள் பென்சிலால் போட்ட குறிகளை அழிக்க வேண்டாம். எங்கே மூச்செடுத்தீர்கள், எங்கே விருந்தினருக்காக ஒரு கட்டம் பொறுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வருகிற புரட்டாதியில் உங்கள் கதிரைக்கு ஒரு புதுப் பிள்ளை வரும். நான் அந்தத் தாளையே கொடுப்பேன்.